பூட்டிக் கிடக்கும் வீடுகள்

இரவு 11 மணிக்குமேல் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் போனால், துண்டை விரித்துப் படுத்திருப்பவர்களைப் பார்க்கலாம். எல்லோரும் பயணிகள் அல்லர். அதே ஊரில், தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகளும் இருக்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. நாடு முழுவதும் வீடற்றவர்களோ சுமார் 17.7 லட்சம் பேர். ஆக, கட்டடத்துக்குப் பஞ்சமில்லை. பாகப்பிரிவினை வழக்கு முடியும்வரை அண்ணன் தம்பி யாரும் சாவியைத் தருவதில்லை. பிள்ளைகள் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட, வீடு பூட்டியே கிடக்கிறது. குடிவைத்தால் காலிசெய்ய மாட்டார்களோ என்ற அச்சம் இன்னொரு பக்கம். தமிழ்நாட்டின் 1960 வாடகைச் சட்டக் காலத்தில் வேரூன்றிய அச்சம் அது. வீட்டுக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என வரம்பு வைத்தது. அன்றாடக் கூலிக்காரருக்கு அந்த மூன்று மாதமே மலை. அந்தத் தொகைக்கு அரசு பிணை நிற்க வேண்டும்.

லட்சம் பேருக்கு ஓர் இரவுத் தங்குமிடம் என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு. 2011-லேயே மக்கள்தொகை 2 லட்சத்தைத் தாண்டிய திண்டுக்கல்லுக்கு அந்தக் கணக்கில் இரண்டாவது வேண்டும். சொத்துவரிப் பதிவேட்டை வைத்துக் காலி வீடுகளைக் கணக்கெடுக்கும் வேலையை மாநகராட்சி இந்த ஆண்டே தொடங்கலாம். பயன்படாத அரசுக் கட்டடங்களை முதல் பக்கத்தில் எழுதட்டும்.