சொகுசு சஃபாரி: சிங்கத்துக்கு வாடகை யார் தருவது?

கென்யாவின் மசாய் மாரா பகுதியில் ஒரு சொகுசுக் கூடாரத்தில் ஓர் இரவு தங்க, ஒருவருக்கு 1,000 டாலருக்கு மேல்கூட ஆகும். 'சிங்கம் பார்க்க இவ்வளவா?' என்று தோன்றலாம். அந்தச் சிங்கம் யார் நிலத்தில் படுத்திருக்கிறது என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

யாருடைய நிலம்?

மசாய் மாரா தேசியக் காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கி.மீ. ஆனால், விலங்குகளுக்கு எல்லைக்கோடு தெரியுமா என்ன? கென்யாவின் காட்டுயிர்களில் பாதிக்கும் மேல் தேசியப் பூங்காக்களுக்கு வெளியேதான் வாழ்கின்றன. காப்பகத்தை ஒட்டியுள்ள புல்வெளிகள் மசாய் மக்களுடையவை. ஒரு காலத்தில் கூட்டு மேய்ச்சல் நிலம். பிறகு தனித்தனிப் பட்டாவாகப் பிரிக்கப்பட்டது. பட்டா கைக்கு வந்தால் வேலி போடலாம், கோதுமை விதைக்க குத்தகைக்கு விடலாம், விற்கலாம். எதைச் செய்தாலும் யானைக்கும் வரிக்குதிரைக்கும் வழி அடைபடும்.

கன்சர்வன்சி எப்படி இயங்குகிறது?

பக்கத்துப் பக்கத்து நில உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து, நிலத்தைச் சுற்றுலா நிறுவனங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறார்கள். 2005-ல் ஓல் கின்யெய், 2006-ல் ஓலாரே ஓரோக் என்று தொடங்கியது. 2010-ல் உருவான நபோய்ஷோவில் சுமார் 500 நில உரிமையாளர்கள், ஏறத்தாழ 50,000 ஏக்கர். 2013-ல் வந்த காட்டுயிர்ச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு அங்கீகாரம் தந்தது.

வாடகை, நிலத்தின் அளவைப் பொறுத்தது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் தர வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். பதிலுக்கு, அந்த நிலத்தில் வீடு, வேலி, உழவு கூடாது. மேய்ச்சலும் முறை வைத்துத்தான்.

சரி, சொகுசு எதற்கு? கூடாரங்களுக்கும் வண்டிகளுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. மலிவு விலை என்றால் கூட்டம் வேண்டும். கூட்டம் வந்தால் ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது ஜீப் நிற்கும். ஆட்கள் குறைவாகவும் வாடகை முழுசாகவும் இருக்க வேண்டுமென்றால், விலை ஏறத்தான் செய்யும். அம்போசெலிக்கும் சாவோவுக்கும் இடையிலுள்ள சியூலு மலைப் பகுதியில், சிங்கம் அடித்த மாட்டுக்கான இழப்பீடும் சுற்றுலாக் கட்டணத்திலிருந்து வருகிறது. மாட்டை இழந்தவர் ஈட்டியைத் தூக்காமல் இருக்க அது ஒரு காரணம்.

எங்கே இடிக்கிறது?

முதலாவது, ஒற்றை வருமானம். 2020-ல் கொரோனா விமானங்களை நிறுத்தியதும், பல இடங்களில் வாடகையே வெட்டப்பட்டது. இரண்டாவது, வாடகை பட்டா வைத்திருப்பவருக்கு மட்டும்தான். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். பெண்களுக்கும் நிலமில்லாத இளைஞர்களுக்கும் கேம்ப் வேலை கிடைத்தால் உண்டு. மூன்றாவது, வறட்சி. புல் கண்ணுக்குத் தெரியும், மாட்டை விட முடியாது என்றால் மேய்ப்பருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

எல்லைக்கு அந்தப் பக்கம்

தான்சானியாவின் லோலியோண்டோவில் 2022 ஜூனில் நடந்தது வேறு கதை. சுமார் 1,500 சதுர கி.மீ. மேய்ச்சல் நிலத்தை அரசு காட்டுயிர்ப் பகுதியாக எல்லைக்கல் நட்டுப் பிரித்தது. மோதலில் ஒரு போலீஸ்காரர் இறந்தார். மசாய் மக்கள் பலர் காயமடைந்தனர், பலர் கென்யாவுக்குத் தப்பினர். இரு பக்கமும் அதே மக்கள், அதே விலங்குகள். இங்கே கையெழுத்து நில உரிமையாளருடையது. அங்கே உத்தரவு அரசுடையது.

என்ன செய்யலாம்?

குத்தகை மாதிரி குறையில்லாதது அல்ல. ஆனால், மக்களை விரட்டாமல் காட்டுயிரைக் காக்க ஒரு வழி உண்டு என்று அது காட்டியிருக்கிறது. அது நிலைக்க வேண்டுமென்றால் ஒப்பந்தங்கள் வெளிப்படையாக இருக்க வேண்டும், மோசமான ஆண்டுகளுக்கு இருப்பு நிதி வேண்டும், பெண்களின் பெயரும் வாடகைப் பட்டியலில் ஏற வேண்டும்.

சஃபாரி புக் செய்பவர்களும் ஒன்று செய்யலாம். எத்தனை சிங்கம் பார்க்கலாம் என்பதற்கு முன்னால், வாடகையில் எவ்வளவு, எப்போது, யார் கணக்கில் போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கேம்ப்புக்கு, எவ்வளவு அழகான கூடாரம் இருந்தாலும், காசு கொடுக்க வேண்டியதில்லை.