கீரி மேல் பழி போடுமுன்

பணி ஓய்வுக்குப் பின் ஊர்ப்புறத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி நாலு கோழி வளர்க்கலாம் என்ற ஆசை நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. என் தந்தையார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி. லைன் வீட்டு வாசலில் பஞ்சாரம் கவிழ்த்து அம்மா வளர்த்த கோழிகளின் முட்டை விற்ற காசில்தான் என் நோட்டுப் புத்தகங்கள் வந்தன. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. ரயில்வேயில் 35 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றதும், ஹைதர் அலி பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற பூதிகோட்டையில், பாறைக் குன்றைப் பார்த்தபடி ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டேன். முதல் வேலையாக 18 கோழிகள் வாங்கினேன்.

ஒரே இரவில் 11 கோழிகள் போயின.

காலையில் பார்த்தால் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. தின்னப்பட்டவை இரண்டே இரண்டு. "கீரி வேலைதான்" என்றது தெரு முழுவதும். சோற்றில் கலந்து வைக்கச் சொல்லி ஒருவர் விஷ மருந்துப் பொட்டலமும் கொண்டுவந்து கொடுத்தார். நானும் அதை வாங்கி அலமாரியில் வைத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தடுத்தவர் பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி. "கீரி பகலில் திரிகிற பிராணி ஆயிற்றே சாமி, ராத்திரியில் எங்கே வரும்? நீங்கள் கூட்டுக் கதவைச் சாத்தினீர்களா?" என்று கேட்டார். சாத்தவில்லை. வெளியே தூறல், உள்ளே தொலைக்காட்சியில் கிரிக்கெட். மறந்துவிட்டேன்.

ரயில்வேயில் விபத்து நடந்தால் முதலில் தடயம் பார்ப்போம், பிறகுதான் ஆளைத் தேடுவோம். கோழி விஷயத்தில் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். பகலில் குஞ்சு மட்டும் சுவடின்றி மறைந்தால் பருந்து, வல்லூறு, காகம் இவற்றில் ஒன்றாக இருக்கும். முட்டை ஓடுகூட மிஞ்சாமல் போனால் பெரும்பாலும் பாம்பு. குஞ்சை வளைக்குள் இழுத்துப் போவது பெருச்சாளி. இரவில் கூட்டுக்குள் புகுந்து கண்மண் தெரியாமல் கடித்துப் போடுவது காட்டுப்பூனை, மரநாய், தெருநாய். கீரியும் கோழியைப் பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வருவது வெளிச்சத்தில். எங்கள் பாறைப் பகுதியில் எலியையும் பாம்பையும் அதுவே தின்று குறைக்கிறது.

விஷம் வைப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். சோற்றுக்கு ஆள் தெரியாது. நாய் தின்னும், காகம் தின்னும், கோழியே தின்னும். தெருவில் விளையாடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மேலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி, உடும்பு, காட்டுப்பூனை இவற்றைக் கொல்வது சிறைக்குரிய குற்றம். அன்று நான் அந்த மருந்தை வைத்திருந்தால், குற்றவாளி நானாக இருந்திருப்பேன். ஒரு காட்டுப்பூனையைக் கொன்றால் அடுத்த மாதம் இன்னொன்று அதே வழியாக வரும், ஏனெனில் வழி அப்படியே இருக்கிறது.

ஆகவே வழியை அடைத்தேன். கடையில் 'கோழி வலை' என்று விற்கும் அறுகோணக் கண் வலையை நம்பாதீர்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாய் உள்ளே வராமல் தடுக்காது. கடித்தால் பிய்ந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலை (வெல்டு மெஷ்) வாங்குங்கள். விலை கூடுதல்தான், 11 கோழிகளின் விலையை நினைத்துக்கொண்டு வாங்கினேன். வலையைச் சுவரோடு நிறுத்தாமல், அடியில் ஓர் அடி அகலத்துக்கு வெளிப்புறமாக மடக்கிப் பரப்பி, மேலே கருங்கல் சல்லி கொட்டினேன். தண்டவாளத்துக்கடியில் சல்லி கொட்டிப் பழகிய கை, விடுமா? தோண்டிக்கொண்டு வரும் விலங்கு சுவரோரத்தில்தான் தோண்டும்; வலை தட்டுப்பட்டதும் திரும்பிவிடும். பகல் எதிரிகளுக்குச் சுரைப்பந்தல் போதும். குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் அம்மாவின் பஞ்சாரமே.

கதவு பாக்கி. மறதிக்கு வலை கிடையாதே! ரயில்வேயில் 'இன்டர்லாக்கிங்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. இன்டர்லாக் செய்த லெவல் கிராசிங்கில் கேட்டை மூடிப் பூட்டாமல் சிக்னல் விழாது. யாருடைய ஞாபகத்தையும் நம்பாத ஏற்பாடு. அதையே வீட்டில் செய்தேன். பூட்டினால் மட்டுமே சாவி வெளியே வரும் பூட்டு ஒரு வகை உண்டு. அதைக் கூட்டுக் கதவில் மாட்டி, அதன் சாவியையும் வீட்டுப் பின்கதவுச் சாவியையும் ஒரே வளையத்தில், பிரிக்க முடியாதபடி, பற்றவைத்துவிட்டேன். காலையில் கூட்டைத் திறந்தால் சாவிக்கொத்து அங்கேயே தொங்கும். இரவில் கூட்டைப் பூட்டினாலொழியப் பின்கதவைப் பூட்ட முடியாது. "கோழிக்காக இத்தனை கூத்தா?" என்று என் மனைவி சிரித்தாள். இப்போது மறந்துபோகும் நாளில் குரல் கொடுப்பவளும் அவளே.

இன்னொன்று. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்ட கிரிராஜா கோழியைப் பலர் விரும்பி வாங்குகிறார்கள். எடை நன்றாக வரும், ஆனால் கனத்த உடம்பால் ஓடித் தப்பாது. 2005-இல் வந்த சுவர்ணதாரா அதைவிடச் சிறியது. காட்டுப்பூனை, நரியிடமிருந்து தப்புவது அதற்கு எளிது. நம் சிறுவிடைக்கோ மரமேறத் தெரியும், அடைகாக்கவும் தெரியும். நான் இப்போது சிறுவிடைதான் வளர்க்கிறேன். எதை வாங்குவதானாலும், முதலில் கூட்டைக் கட்டி முடித்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள்.