சிறு அளவும் நீண்ட கணக்கும்

இங்கிலாந்தில் ரத்தப்புற்றுநோயால் இறக்கும் குழந்தைகள் ஏன் கூடிக்கொண்டே போகிறார்கள்? 1950களில் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட், இதற்கு விடை தேடித் தாய்மார்களிடமே போனார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடமும், பிள்ளை நலமாக இருப்பவர்களிடமும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, ஆங்காங்கே இருந்த சுகாதார அதிகாரிகள் மூலம் பதில்களைத் திரட்டினார். அதில் ஒரு கேள்வி: கர்ப்பமாக இருந்தபோது வயிற்றில் எக்ஸ்-ரே எடுத்தார்களா? பிள்ளையை இழந்த தாய்மார்களில் ‘ஆம்’ என்றவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு. முதல் அறிவிப்பு 1956இலும், முழு ஆய்வு 1958இலும் வெளிவந்தன.

மருத்துவ உலகம் அதை எளிதில் ஏற்கவில்லை. துக்கத்தில் இருக்கும் தாய் ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருப்பாள், மற்றவள் மறந்திருப்பாள் என்றார்கள். ஐயம் நியாயமானதுதான். அதனால் 1962இல் அமெரிக்காவின் பிரையன் மக்மேகன் யாருடைய நினைவையும் நம்பாமல் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். அங்கும் சுமார் 40 சதவீதம் கூடுதல் தெரிந்தது. அப்படியும் அந்த எக்ஸ்-ரே வழக்கம் ஓயப் பல ஆண்டுகள் பிடித்தன. ஐயம் தீரும்வரை பொறுத்திருக்கச் சொன்னவர்கள் நிபுணர்கள். அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் கருவில் இருந்த குழந்தைகள்.

குறைந்த அளவுக் கதிர்வீச்சின் வரலாறு நெடுகிலும் இந்தச் சிக்கல் தொடர்கிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களை 1950 முதல் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து வருகிறார்கள். அதிக அளவு வாங்கிய உடல்களில் புற்றுநோய் கூடியது ஐயமின்றித் தெரிகிறது. உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகான மில்லிசீவர்ட்டில் 100க்குக் கீழே வந்தால் படம் மங்கிவிடுகிறது. காரணம் எளிது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகக் குழுவின் 2006ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 100 பேரில் 42 பேருக்குக் கதிர்வீச்சு இல்லாமலே வாழ்நாளில் புற்றுநோய் வரும். 100 மில்லிசீவர்ட் அதில் ஒருவரைக் கூட்டும். அந்த ஒருவர் யார் என்று எந்தப் பரிசோதனையும் காட்டாது. அதற்கும் மிகக் குறைந்த ஓர் அளவின் மரபணுப் பாதிப்பைச் சோதனைக்கூடத்தில் உறுதிசெய்ய 800 கோடி எலிகள் தேவைப்படும் என்று 1972இல் கணக்குச் சொன்னார் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தின் ஆல்வின் வைன்பர்க்.

அதனால்தான் அளவு குறையக் குறைய ஆபத்தும் குறையும், ஆனால் பூஜ்யமாகாது என்ற அனுமானத்தை உலகம் கையாள்கிறது. அது சின்ன அளவின் ஆபத்தை மிகைப்படுத்துகிறது என்று 2005இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் வாதிட்டது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அணுத்துறைத் தொழிலாளர்களை ஆராய்ந்து 2023இல் வெளியான முடிவோ, 100 மில்லிகிரேக்கு (இங்கே ஏறத்தாழ 100 மில்லிசீவர்ட்டுக்கு இணை) உட்பட்ட அளவுகளிலும் புற்றுநோய் மரணங்கள் கூடுவதைக் காட்டியது.

நம் கடற்கரையும் இந்தக் கணக்கில் உண்டு. 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் அடையாளம் கண்ட, கதிர்வீச்சு வெளிவிடும் தோரியம் கலந்த மோனசைட் மணல், மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் தலைமுறைகளாக மக்கள் காலடியில் கிடக்கிறது. கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் கண்காணித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. அதே கேரளக் கடலோரக் குடும்பங்களில் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் மாற்றங்கள் கூடியிருப்பதாக 2002இல் வேறொரு குழு எழுதியது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. மரபணுவில் மாற்றம் வந்தாலே நோய் வந்துவிடாது. நோய் கூடவில்லை என்பதால் உடலில் எதுவும் நடக்கவில்லை என்றும் ஆகாது.

இந்த இடைவெளியை இரு தரப்பும் தவறாகப் பயன்படுத்துகின்றன. ‘பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை’ என்பதைச் சிலர் ‘பாதிப்பே இல்லை’ என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். வேறு சிலர் துளியளவையும் மரண தண்டனையாக்கி, தேவையான சிடி ஸ்கேனுக்கே நோயாளியை அஞ்ச வைக்கிறார்கள். வயிற்று ஸ்கேன் ஒன்றின் அளவு பொதுவாக 10 மில்லிசீவர்ட்டை ஒட்டியது. தேவை இருந்தால் எடுக்கத்தான் வேண்டும்; தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கக் கூடாது.

வரலாறு எச்சரிக்கையின் பக்கமே நிற்கிறது. தொழிலாளர்களுக்கு 1977இல் ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட் என்றிருந்த சர்வதேசப் பரிந்துரை, 1990இல் ஐந்தாண்டுச் சராசரியாக 20க்கு இறங்கியது. அதற்கு முந்தைய வரம்புகள் இன்னும் தாராளமானவை. புதிய சான்றுகள் வரவர அளவைக் குறைக்கவே நேர்ந்திருக்கிறது.

ஆகவே அணுமின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளி, மணல் ஆலை ஊழியர், எக்ஸ்-ரே அறையில் நிற்பவர் என ஒவ்வொருவருடைய கதிர்வீச்சுப் பதிவும் வேலையை விட்ட பிறகும் வாழ்நாள் முழுக்கப் பேணப்பட வேண்டும். கடலோர மாவட்டங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகள் இடைவிடாமல் நடக்க வேண்டும். முடிவுகளை அந்த மக்களின் மொழியில், தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்து, அவர்களிடமே சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நாம் அறிந்ததெல்லாம் எண்ணப்படச் சம்மதித்த மனிதர்களால் கிடைத்தது. அந்தக் கணக்கைக் கேட்கும் முதல் உரிமை அவர்களுடையது.