அம்மா வேஷத்துக்கு ஆள் தேவை

பெண் பார்க்கும் படலம் என்றால் பஜ்ஜி, சொஜ்ஜியாவது கிடைக்கும். நாடகத்துக்கு ஆள் பார்க்கும் படலத்தில் அதுவும் இல்லை. நாலைந்து நாற்காலிகள், ஒரு கூஜா தண்ணீர், எதிரே மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் டைரக்டர், அவ்வளவுதான். அப்படியும் ஆண்கள் வரிசையாக வந்துவிடுகிறார்கள். ரிடையரான பாங்க் அதிகாரி வருகிறார். கல்லூரிப் பையன் வருகிறான். வசனமே வேண்டாம், போலீஸ்காரனாகச் சும்மா நின்றால் போதும் என்று ஒருவர் வருகிறார். பெண்கள்தான் வருவதில்லை.

இது இன்று வந்த பஞ்சம் அல்ல. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறுவது கௌரவக் குறைவு என்றிருந்த காலம். அந்த எண்ணத்தைச் சபை மாற்றியது. யாருக்கு மாற்றியது? ஆண்களுக்கு! கதாநாயகி வேஷத்தையும் அவர்களே கட்டினார்கள். முதலியாருக்கு ஜோடியாக அவர் நண்பர் ரங்கவடிவேலு ஸ்திரீ பார்ட்டில் நடித்துப் பெரும் புகழ் பெற்றார். டி.கே. ஷண்முகம் ஔவையாராக நடித்த நடிப்பு, 'அவ்வை' என்று அவர் பெயரோடேயே ஒட்டிக் கொண்டது. கிழவி வேஷத்தைக்கூட நமக்கு மிச்சம் வைக்கவில்லை, பார்த்தீர்களா? தொழில்முறை மேடையில் கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள், வாஸ்தவம். ஆனால் 'குடும்பப் பெண்' என்று சொல்லப்பட்டவள் கைதட்டுகிற இடத்திலேயே இருந்தாள்.

1989-ல் பம்பாய் ஞானம் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். அங்கே மாமனார் வேஷத்துக்கும் மீசை ஒட்டிக் கொண்டு பெண்தான் வந்தார். பழைய கணக்கு ஒருவாறு நேராயிற்று. ஆனால் அது ஒரு குழு. குடியிருப்புச் சங்கங்களிலும் ஆபீஸ் மனமகிழ் மன்றங்களிலும் கதை வேறு.

நஷ்டம் நாடகத்துக்குத்தான். எழுதுகிறவர் கிடைக்கிற ஆட்களுக்குத் தகுந்தாற்போல்தானே எழுதுவார்? அதனால்தான் நம் ஸபா நாடகங்கள் பலவற்றில் ஹால் மட்டும் தெரிகிறது. ஒரு சோபா, ஒரு டீபாய், ஒரு டெலிபோன். வலது பக்கம் வாசல், இடது பக்கம் சமையலறை. அப்பாவும் பிள்ளைகளும் சோபாவில் உட்கார்ந்து சொத்துத் தகராறு பேசுவார்கள். அம்மா? காப்பி கொண்டு வருவாள், கண்ணைத் துடைப்பாள், உள்ளே போவாள். பாகப் பிரிவினையில் அவள் எந்தப் பக்கம், பெண்ணின் கல்யாணம் முறிந்த அன்று அவள் என்ன நினைத்தாள்? அதெல்லாம் படுதாவுக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது.

ஒரு குடியிருப்பில் ஆண்டு விழாவுக்கு இப்படி ஒரு குடும்ப நாடகம். ஆள் எடுக்கும்போது போய் உட்கார்ந்து பார்த்தேன். பெண்கள் மூன்றே பேர். அதிலும் ஒருவர் பிள்ளையைக் கொண்டுவிட வந்தவர்!

"அம்மா இல்லாமல் எப்படிம்மா குடும்பம் நடத்தறது?" என்று டைரக்டர் என்னிடம் அலுத்துக் கொண்டார். பாட்டிக்கு ஆள் அகப்படாவிட்டால், பாட்டியைப் போட்டோவாகச் சுவரில் மாட்டி மாலை போட்டுவிடுவதாக உத்தேசமாம். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அழச் சொல்வார்களோ என்று பயப்படாதீர்கள். அன்று மூவரிடமும் ஒரே வசனத்தைக் கொடுத்தார். மகன் தனிக் குடித்தனம் போகிறேன் என்கிறான். தாய் சொல்கிறாள்: "போய் வா. இந்த வீட்டுச் சாவி மட்டும் உன்னிடமே இருக்கட்டும்."

முதல் பெண் சினிமாவில் பார்த்த மாதிரி விம்மினார். விம்மலில் கடைசி வார்த்தை காணாமல் போயிற்று. நம் தமிழில் விஷயமே வாக்கியத்தின் வாலில் அல்லவா இருக்கிறது? சாவி இருக்கட்டுமா, இருக்க வேண்டாமா என்பது கடைசி வார்த்தை வந்தால்தானே தெரியும்! வீட்டில் வாலை விழுங்கினால் முகத்தைப் பார்த்து ஊகித்துக் கொள்வார்கள். பதினைந்தாவது வரிசைக்காரர் என்ன செய்வார்? மேலே மைக் தொங்குகிறதே என்று நம்ப வேண்டாம். சொன்னதைத்தான் மைக் எடுத்துக் கொடுக்கும், விழுங்கியதை அல்ல.

இரண்டாமவருக்குக் கோவில் மணி மாதிரிக் குரல். ஹாலே அதிர்ந்தது. மூன்றாமவர், பிள்ளையைக் கொண்டுவிட வந்தவர். "நீங்களும் ஒரு தடவை வாசியுங்களேன்" என்று டைரக்டர் சொன்னதால் எழுந்தார். மகனாக நின்ற பையன் பேசி முடிக்கும் வரை அவன் கையையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, கடைக்குப் போகிறவனிடம் சொல்வது போல அந்த வசனத்தைச் சொன்னார். டைரக்டரின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. குடும்ப நாடகத்தில் ஒருவர் பேசும்போது மற்ற ஐந்து பேர் கேட்டுக் கொண்டு நிற்க வேண்டும். அப்படிக் கேட்கத் தெரிந்தவர் அகப்படுவது அபூர்வம். அம்மா வேஷம் அவருக்கே. கோவில் மணிக்குப் பாட்டி வேஷம். மாலைச் செலவு மிச்சம்.

விம்மியவருக்கு வேஷம் இல்லை. பிள்ளையாக வரும் பையன் ஆறடி உயரம். இவர் அவனுக்குத் தங்கை மாதிரி இருந்தார். டைரக்டர் தனித்தனி ஆளாக எடுப்பதில்லை, ஒரு குடும்பத்தைச் சேர்க்கிறார். ஆகவே கிடைக்காத வேஷத்தை நடிப்புக்குப் போட்ட மார்க் என்று எடுத்துக் கொள்ளாதீர்கள்.

அம்மா வேஷம்தானா என்று முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். சம்பந்த முதலியாரின் 'மனோகரா' 1954-ல் படமாக வந்தபோது சிவாஜி கணேசன் மகன், கண்ணாம்பா தாய். சங்கிலியில் நிற்கும் அத்தனை பெரிய வீரனும் தாய் வாய் திறக்கும் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது! 1986-ல் வந்த விசுவின் 'சம்சாரம் அது மின்சார'த்தில் மனோரமாவுக்கு வேலைக்காரி கண்ணம்மா வேஷம். படம் பார்த்தவர்களில் யார் அவரை மறந்தார்கள்?

இனி வீட்டு விவகாரம். ஒத்திகை பெரும்பாலும் மாலை ஏழு மணிக்கு. அப்போதுதான் குக்கர் கூவும். குழந்தைக்குக் கணக்கு வராது. "அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பது டைரக்டர்களின் அனுபவம். ('அவர்' வேஷத்துக்கு வரும்போது உங்களைக் கேட்டுக் கொண்டா வருகிறார்? போகட்டும்.) பேச வேண்டியதை வீட்டில் பேசி முடித்துவிட்டே போங்கள். எந்தக் கிழமை முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளையோடு வந்த அந்த அம்மாள் அப்படித்தான் செய்தார்.

"செவ்வாயும் வெள்ளியும் வர முடியாது, ஸார். மாமியாருக்கு டயாலிஸிஸ்."

டைரக்டர் காலண்டரைப் பார்த்தார். திங்கள், புதன், சனி என்று ஒத்திகை மாறிவிட்டது. மேடையேறப் பத்து நாள் இருக்கும்போது மறைந்துவிடும் அம்மாவுக்குத்தான் எந்தக் காலண்டராலும் பரிகாரம் தேட முடியாது.

போகும்போது பட்டுப் புடவை வேண்டாம். தரையில் உட்கார்ந்து எழச் சொல்வார்கள். படிக்கிற கண்ணாடியை மட்டும் மறந்துவிடாதீர்கள். வசனத்தாளில் எழுத்து பொடிப் பொடியாகத்தான் இருக்கும்.