பிளாட்ஸ்பிட்ஸுக்கு ஏன் போகக்கூடாது?

வாற ஞாயிறு குடும்பமாக எங்கே போவது என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று நாளாகக் கதை. நான் சூரிச் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்கா என்று போட்டேன். பிரதான ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை, டிக்கெட் இல்லை, இரண்டு ஆறுகள் சேரும் இடம். உடனே அம்மாவின் வாய்ஸ் மெசேஜ்: "அந்த ஊசிப் பார்க்குக்கே? பிள்ளையளையும் கூட்டிக்கொண்டே?" சித்தி வழக்கம்போல ரைன் நீர்வீழ்ச்சி. எத்தனையாவது தடவை! அந்தத் தண்ணீருக்கே எங்கள் முகம் பாடமாகியிருக்கும்.

அம்மா பொய் சொல்லவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட ஹெரோயின் சந்தை அது. 1992 பெப்ரவரியில் பூங்காவைப் பூட்டினார்கள். கூட்டம் அப்படியே லெட்டன் ஸ்டேஷனுக்கு நகர்ந்தது. 1995இல் அதையும் மூடினார்கள். பூட்டுப் போட்டதால் நோய் மாறவில்லை. சுத்தமான ஊசி கொடுத்ததும், 1994இல் தொடங்கி மருத்துவர் கண்காணிப்பில் ஹெரோயினே கொடுத்ததும்தான் ஆட்களைச் சாவிலிருந்து காப்பாற்றியது. பள்ளியில் இதைப் படித்திருப்பீர்கள். வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏன் தெரியுமா? அதே வருடங்களில்தான் எங்கள் அப்பாமார் அகதியாக வந்து இறங்கினார்கள். தமிழ் இளைஞன் என்றாலே போதைப்பொருள் விற்பவன் என்று இங்கே பேசினார்கள், பத்திரிகைகளிலும் எழுதினார்கள். அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு இரவு திரும்பும்போது, அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போவாராம். ஊசிக்குப் பயந்தல்ல, அங்கே நின்றதை யாரும் கண்டுவிடுவார்களோ என்று.

அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதை எங்கள் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஏனென்றால் பயம் இப்போது ஆள் மாறிவிட்டது. பூங்கா வாங்கில் நாலு எரித்திரியப் பெடியன்கள் இருந்தால், எங்கள் ஆட்கள் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிக்கிறார்கள். "உவங்கள் என்ன விக்கிறாங்களோ" என்று என் காதாலேயே கேட்டிருக்கிறேன், சொன்னவர் 1986இல் வந்தவர். சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்தால் ஞாபகமும் போய்விடுமா? எங்கள் வயதுக்காரர் அதைக் கேட்டுச் சிரிக்கிறோமே, அது அதைவிட மோசம்.

பிளாட்ஸ்பிட்ஸ் இன்று சாதாரணமான, வடிவான பூங்கா. 1883இல் சுவிஸின் முதல் தேசியக் கண்காட்சி நடந்த இடம். அப்போது கட்டிய இசை மண்டபம் இன்னும் நிற்கிறது. (அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்துத்தான் எங்களுக்குக் கறுப்பு யூலை.) மழை பெய்தால் பக்கத்திலேயே தேசிய அருங்காட்சியகம். பெரிய மரங்கள், நிழல், பிள்ளைகள் ஓட இடம். நுனியில் போய் நின்றால் சீலும் லிம்மாட்டும் சேருவது தெரியும்.

நேற்றிரவு குரூப்பில் இதையெல்லாம் நீளமாக எழுதிப் போட்டேன். ஞாயிறு பதினொரு மணி, ஸ்டேஷன் மணிக்கூட்டுக்குக் கீழே. காலையில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "ரோல்ஸ் எத்தினை பொரிக்கிறது?" அப்பா இன்னும் பதில் போடவில்லை. நீல டிக் விழுந்திருக்கிறது.