காலம் எதையும் சலிப்பதில்லை

‘நல்ல படைப்பைக் காலமே காப்பாற்றும்’ என்று யாராவது இலக்கியக் கூட்டத்தில் சொன்னால் எனக்கு ரோசினியின் ‘இல் வியாஜ்ஜோ அ ரைம்ஸ்’ ஞாபகம் வந்துவிடும்.

1825இல், பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் முடிசூடியதை ஒட்டிப் பாரிஸில் அரங்கேறிய நகைச்சுவை ஓபரா அது. பல நாட்டுப் பிரபுக்கள் ஒரு விடுதியில் கூடியிருக்கிறார்கள். முடிசூட்டு விழா நடக்கும் ரைம்ஸ் நகருக்குப் போக வேண்டும். வாடகைக்கு ஒரு குதிரைகூடக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் கதை! வண்டி கவிழ்ந்து உடுப்பெல்லாம் போச்சே என்று மயங்கி விழும் சீமாட்டி, ஒரு தொப்பி தப்பியது தெரிந்ததும் ஆனந்தமாகப் பாடுகிறாள். குதிரை இல்லை என்ற செய்தி வந்ததும் 14 குரல்கள் சேர்ந்து திகைக்கின்றன.

நான்கே காட்சிகள். விழா முடிந்தது, ஓபராவும் முடிந்தது. ரோசினியே நிறுத்திவிட்டார். 1828இல் அதன் இசையில் ஏறக்குறைய பாதியை எடுத்து ‘லு கோந்த் ஓரி’ என்ற வேறொரு ஓபராவில் வைத்தார். மென்பொருள் எழுதும் எனக்கு இது ரொம்பப் பழக்கமான காரியம். மூடிய திட்டத்திலிருந்து நல்ல நிரல்களை உருவிக்கொள்வோம், மிச்சத்தை யாரும் திறப்பதில்லை.

ஆக, இசை மோசமென்று அது மறையவில்லை. மோசமென்றால் அவரே ஏன் மறுபடி எடுக்கணும்? பாதி இசை வேறு பெயரில் மேடையேறிக்கொண்டே இருந்தது. முழுமைதான் காணாமல் போனது. அதைக் காலம் திருப்பித் தரவில்லை. ரோமில் சாந்தா செசீலியா நூலகத்திலிருந்த கைப்பிரதித் தாள்களையும், பாரிஸ், வியன்னாவில் கிடைத்தவற்றையும் ஒப்பிட்டு ஜேனட் ஜான்சன், பிலிப் காசெட் போன்ற இசையியலாளர்கள் கோத்தார்கள். 1984 ஆகஸ்டில், ரோசினி பிறந்த பெசாரோவில், கிளாடியோ அபாடோ நடத்த அது மறுபடி மேடையேறியது. இடையே 159 வருடங்கள்.

“கடைசியில் வந்துவிட்டதே, அதுதானே காலத்தின் தீர்ப்பு” என்பார்கள். இது சுத்த ஏமாற்று. திரும்பி வந்தவற்றை மட்டும் எண்ணிவிட்டுச் சல்லடை வேலை செய்கிறது என்கிறோம். தாளே மிஞ்சாதவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்தத் தாள்களை எடைக்குப் போடாத நூலகமும், பக்கம் பக்கமாக ஒப்பிட்ட ஆட்களும், ஒத்திகைக்குப் பணம் போட்ட விழாவும் இல்லையென்றால் மேதைமை அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

‘காலம்’ என்று சொல்லிவிட்டால் நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, வசதிதான். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் நான் ஒன்றுதான் கேட்பேன்: சரி, நீங்க சொல்ற அந்தப் படைப்போட பிரதி இப்போ எந்த நூலகத்துல இருக்கு?