அறுத்த மீன் பொருந்திய கதையும் வகுப்பில் நான் செய்த பிழையும்



போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொல்லிமலை போய் வந்தோம். படங்களை மருமகள் அன்று இரவே போட்டுவிட்டாள். 70 கொண்டை ஊசி வளைவுகளில் யார் யாருக்குத் தலை சுற்றியது என்பதையும் அவளே எழுதிவிட்டாள். நான் எழுத நினைப்பது வேறு. வண்டியில் நடந்த ஒரு வாக்குவாதம், அது ஞாபகப்படுத்திய என் பழைய பிழை ஒன்று. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

அறப்பளீசுவரர் கோயில், தேவாரத்தில் வைப்புத்தலமாகக் குறிக்கப்படும் பழைய தலம். கோயிலை ஒட்டி ஐயாறு ஓடுகிறது. அதுவே சற்றுத் தள்ளி ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது. ஆற்று மீன்களுக்கு உணவிட்டுவிட்டுச் சாமி கும்பிடுவது அங்கே வழக்கம். அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். யாரோ ஒருவர் இந்த ஆற்றில் மீன் பிடித்து, அறுத்து, குழம்பு வைக்க அடுப்பில் ஏற்றினாராம். துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, மீன்கள் உயிரோடு துள்ளி ஆற்றுக்கே திரும்பிவிட்டனவாம். அதனால்தான் 'அறுத்த மீன் பொருத்திய அறப்பளீசுவரர்' என்று பெயர்.

திரும்பும்போது பேரன் ஆரம்பித்தான். "வெட்டின மீன் எப்படித் தாத்தா ஒட்டும்? சும்மா கட்டுக்கதை."

மைத்துனருக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம பெரியவங்க ஒண்ணும் முட்டாள் இல்லடா. அந்தத் தண்ணியில மூலிகைச் சத்து இருக்கு. அதுதான் விஷயம். எல்லாத்துக்கும் பின்னால அறிவியல் இருக்கு" என்றார்.

காரவல்லி அடிவாரம் வரும்வரை இருவரும் விடவில்லை. எனக்கு இரண்டு பேர் சொல்வதுமே சரியாகப் படவில்லை. ஒருவன் கதையைத் தூக்கி எறிகிறான், மற்றவர் அதற்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் வாங்கித் தரப் பார்க்கிறார். ஆனால் இருவர் கேட்பதும் ஒரே கேள்விதான்: "இது நடந்ததா?"

நான் கேட்கச் சொல்வது இன்னொரு கேள்வி: "இந்தக் கதை என்ன வேலை செய்தது?"

இந்த ஆற்றில் தூண்டில் போடாதே என்று அரசாங்கம் ஒரு பலகை நட்டால், பத்து நாளில் அந்தப் பலகையிலேயே யாராவது துணி காயப்போடுவார்கள். ஆனால் 'அது சாமி மீன்' என்ற ஒரு சொல், காவலாளி இல்லாமல், அபராதம் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக அந்த மீனைக் காத்து வந்திருக்கிறது. மலையின் ஒரு துண்டு நீரையாவது மனிதர் கை வைக்காமல் விட்டதற்கு அந்தக் கதையும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். மீன் ஒட்டியதோ இல்லையோ, கதை ஆற்றுக்கு வேலியாக நின்றது.

கோயில் மூலவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. நிலத்தை உழும்போது கலப்பை பட்டு லிங்கத்தில் ரத்தம் வந்ததாம், அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறதாம். சாமியைக் கண்டெடுத்தது அரசனும் இல்லை, முனிவரும் இல்லை, உழுதுகொண்டிருந்த ஒருவர். சாமையும் தினையும் விதைத்த மலைக்காரர்கள், மண்ணுக்கும் வலிக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமாகத்தான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

வல்வில் ஓரியின் பாடலை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! புறநானூற்றில் வன்பரணர் பாடியது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்த செய்தி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "உயர்வு நவிற்சி அணி, அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். அப்படி ஒருநாள் பேச்சு கொல்லிப்பாவைக்குப் போனது. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் வந்தாலும் அழகு குன்றாத பாவை என்று நற்றிணை சொல்வதை விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன். அதிகம் பேச மாட்டான்.

"ஐயா, அந்தப் பாவை எங்க ஊரு சாமிங்க. எட்டுக்கை அம்மன்னு கும்பிடுவோம். எங்க பாட்டி…"

வகுப்பு சிரித்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது உங்கள் ஊர்க் கதையப்பா. இது இலக்கியம். உட்கார்."

உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் கை மறுபடி உயரவில்லை.

அப்போது எனக்கு அது ஒன்றுமாகவே தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை எட்டுக்கை அம்மன் சன்னதியில் நின்றபோது திடீரென்று உறைத்தது. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான ஒரு பாட்டுக்கு உயிருள்ள சாட்சியாக என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்றிருக்கிறான். நான் அவனை உட்கார வைத்துவிட்டு, அச்சடித்த உரையைத் தொடர்ந்து வாசித்திருக்கிறேன். சங்கப் பாவையும் எட்டுக்கை அம்மனும் ஒன்றுதானா என்று அறிஞர்கள் வாதிடட்டும். ஆனால் பாட்டி என்ன சொன்னாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் குற்றம்.

"அப்படியானால் எல்லாப் புராணத்தையும் அப்படியே ஏற்கச் சொல்கிறீர்களா ஐயா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டும், அப்படித்தானே வளர்த்தேன். இல்லை. மனிதரை மேல் கீழ் என்று பிரிக்கும் கதை எந்தக் கோயிலில் எழுதியிருந்தாலும் அதை நான் ஏற்க மாட்டேன். அதற்கும் அளவுகோல் அதே கேள்விதான்: இந்தக் கதை என்ன வேலை செய்கிறது? காக்கிறதா, கெடுக்கிறதா? சீர்காழி அம்பலவாண கவிராயர் இந்த அறப்பளீசுவரரை முன்னிறுத்திச் சதகம் பாடினார். நூறு பாடலிலும் பெரும்பாலும் அவர் பேசியது, மனிதர் மனிதரோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான்.

ஓரியையே பாருங்கள். போரில் அவனைக் கொன்றது மலையமான் திருமுடிக்காரி. கொல்லிமலை சேரனுக்குப் போயிற்று. ஆனால் இன்று செம்மேட்டில் சிலையாக நிற்பது யார்? ஆடியில் விழா எடுப்பது யாருக்கு? தோற்றவனுக்குத்தான். வென்றவர் கணக்கை ஏடு எழுதி வைக்கும். மக்கள் யாரை நெஞ்சில் வைத்தார்கள் என்பதைக் கதைதான் சொல்லும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். வகுப்பில் ஒரு பிள்ளை "எங்க ஊர்ல…" என்று ஆரம்பித்தால், பாடத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சிலபஸ் ஓடிப்போகாது. மலைக்குச் சுற்றுலா போகிறவர்களே, அருவியில் குளித்தோம், அன்னாசி வாங்கினோம் என்று திரும்பிவிடாதீர்கள். அன்னாசி விற்கும் அம்மாவிடம் அந்த மீன் கதையையும் கேட்டு வாருங்கள். போகும்போது ஐயாற்றில் பிளாஸ்டிக் கவரை விட்டுவிட்டு வராதீர்கள். மீனைக் காத்த கதைக்குக் கவரை விரட்டத் தெரியாது.

அந்தப் பையன் பெயர் எனக்கு மறந்துவிட்டது. முகம் மறக்கவில்லை. இதைப் படிக்கும் யாருக்காவது அவனைத் தெரிந்தால், தமிழ் ஐயா தேடுவதாகச் சொல்லுங்கள். இப்போது அவனுக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைவிட, அவன் பாட்டி என்ன சொன்னாள் என்பதை முழுதாகக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா